தாத்தா கப்பல்ல வந்த கதை: கொழும்புல குடும்பக் கதை தேடுறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

கொட்டாஞ்சேனை, செட்டியார் தெரு, மட்டக்குளி, வெள்ளவத்தைப் பக்கம் இருக்குற குடும்பங்கள்ல இப்ப நிறைய பேருக்கு இந்த ஆசை வந்திருக்கு, தாத்தா பாட்டி எப்படி வந்தாங்க, வந்து எப்படிப் பொழைச்சாங்கன்னு எழுதி வைக்கணும்னு. 2023ல மலையகம் 200ன்னு, மலையகத்துக்குத் தோட்ட வேலைக்கு ஆளுங்க வந்து 200 வருஷமானதை நினைச்சு, தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நடந்தாங்களே, அதுக்குப் பிறகு இன்னும் கூடிருச்சு. கேக்குற கேள்வியெல்லாம் கிட்டத்தட்ட ஒன்னுதான், அதனால பதிலை ஒரே இடத்துல போட்டுட்டேன். சிலது நீளமா இருக்கும், சிலது ரெண்டு வரிதான், கோவிச்சுக்காதீங்க.

எங்க வீட்டுல "கப்பல்ல வந்தோம்"னு மட்டும்தான் சொல்றாங்க. எந்தக் கப்பல், எந்தப் பாதைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எங்க ஏறினீங்கன்னு கேக்காதீங்க, எங்க இறங்கினீங்கன்னு கேளுங்க. இறங்கின இடம் யாருக்கும் மறக்காது.

"ஜெட்டில இறங்கினோம், எதிர்லயே பெரிய ஹோட்டல்"னு சொன்னா அது தூத்துக்குடி - கொழும்பு கப்பல். அந்த ஹோட்டல் ஜீ.ஓ.எச்., அதாவது கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல், 1875ல இருந்து அங்கேயேதான் நிக்குது. தூத்துக்குடில கரையோரம் ஆழம் பத்தாது, அதனால கப்பல் சில மைல் தள்ளித்தான் நிக்கும், படகுல போய் ஏறணும், சாயந்தரம் ஏறினா காலைல கொழும்பு, இங்கயும் கப்பல் அலைதாங்கிக்கு உள்ள வந்து நிக்கும், அங்க இருந்து லோஞ்ச்ல ஜெட்டிக்கு வரணும். அதனால "ரெண்டு தரம் படகு மாறினோம்"னு பாட்டி சொன்னா வயசுக் கோளாறுன்னு நினைச்சுடாதீங்க, சரியாத்தான் சொல்றாங்க.

"கப்பல்ல இருந்து இறங்கி அங்கேயே கோச்சி (ரயில்) ஏறினோம்"னு சொன்னா தலைமன்னார். 1914ல பாம்பன் பாலமும் தலைமன்னார் ரயில் பாதையும் வந்த பிறகு பெரிய கூட்டம் இந்த வழியாத்தான் வந்துச்சு. போட் மெயில்னு சொல்லுவாங்க, எழும்பூர்ல டிக்கெட் எடுத்தா கொழும்பு வரைக்கும் அதே டிக்கெட். தனுஷ்கோடில துறைமுகம் வரைக்கும் ரயில் போகும், பிறகு 22 மைல் கடல், ரெண்டு மணி நேரம் போல ஆகும், தலைமன்னார் துறைல கொழும்பு ரயில் நின்னுட்டு இருக்கும், ராத்திரி முழுக்க காடு, மதவாச்சி, அனுராதபுரம், விடியும்போது கொழும்பு.

கப்பல் பேர் ஞாபகம் இருந்தா அதிர்ஷ்டம். முதல்ல ஓடினது கர்சன், எல்ஜின், ஹார்டிங், பிறகு இர்வின், கோஷன். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல தனுஷ்கோடியே போயிருச்சு, அதுக்குப் பிறகு ராமேஸ்வரத்துல இருந்து தலைமன்னாருக்கு ராமானுஜம்னு ஒரு கப்பல் ஓடுச்சு, 1984ல யுத்தத்தோட அதுவும் நின்னுச்சு. ஆக, இர்வின் கோஷன்னு சொன்னா பெரும்பாலும் புயலுக்கு முன்னாடி, ராமானுஜம்னு சொன்னா பின்னாடி. வருஷம் தெரியாதவங்களுக்கு இது ஒன்னே போதும்.

எங்க ஆளுங்க நடந்து வந்தாங்கன்னு சொல்றாங்களே, அது எப்படி?

அது இன்னும் பழைய கதை, கோப்பித் தோட்டக் காலம். தோணில வந்து மன்னார்க் கரைல இறங்கி காட்டு வழியா மாத்தளைக்கு நடந்தது. வழில காலராவுலயும் பசியிலயும் செத்தவங்களுக்குக் கணக்கே இல்ல. உங்க குடும்பம் கொழும்புக்கு மலையகத்துல இருந்து இறங்கி வந்ததுன்னா இந்தக் கதை உங்க கதைதான், நேரா கொழும்புக்கு வந்த கடைக்காரக் குடும்பம்னா பெரும்பாலும் இல்ல. ரெண்டையும் குழப்பிக்கிட்டு எழுதுறவங்க நிறைய.

தாத்தா வ.உ.சி. கப்பல்ல வந்தார்னு சொல்றாங்க. உண்மையா இருக்குமா?

இருக்கலாம், ஆனா வருஷம் பாருங்க. சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது 1906ல, காலியா, லாவோன்னு ரெண்டு கப்பலும் வந்தது 1907ல, வ.உ.சி.ய 1908ல புடிச்சு உள்ள போட்டாங்க, பிறகு கம்பெனி நொடிச்சுப் போச்சு. ரொம்பக் குறுகின காலம். அந்த நேரத்துல வெள்ளைக்காரக் கம்பெனி போட்டிக்காக டிக்கெட் விலையை இறக்கி இறக்கி, கடைசில சும்மாவே ஏத்திட்டுப் போறோம், குடையும் தர்றோம்னு நின்னாங்கன்னு சொல்லுவாங்க. உங்க தாத்தா 1920ல பொறந்தவர்னா அது அவரோட தாத்தா கதையா இருக்கும். குடும்பக் கதைல இப்படி ஒரு தலைமுறை மேல கீழ நழுவுறது சகஜம், அதுக்காகப் பொய்யின்னு தள்ளிடாதீங்க.

"கேம்ப்ல வச்சிருந்தாங்க"ன்னு பாட்டி சொல்லுவாங்க. அகதி முகாமா?

இல்ல, அது மண்டபம் கேம்ப். இந்திய மண்ணுல இலங்கை அரசாங்கம் நடத்தின இடம், கேக்கவே விசித்திரமா இருக்கும். காலரா, அம்மை, பிளேக் எல்லாம் இலங்கைக்குள்ள வரக்கூடாதுன்னு கீழ் வகுப்புல வர்ற ஆளுங்கள சில நாள் அங்கேயே வச்சுப் பார்த்து, ஊசி குத்தி, உடுப்பெல்லாம் வாங்கி சுத்தம் பண்ணிக் கொடுத்துதான் விடுவாங்க. காசு உள்ளவங்களுக்கு இந்தக் கெடுபிடி குறைவு. தூத்துக்குடி வழிக்கு தட்டப்பாறைல ஒரு கேம்ப் இருந்துச்சு. அதுக்கும் முன்னாடி இங்க ராகமைல, தென்னாப்பிரிக்காவுல நடந்த போயர் யுத்தக் கைதிகளையும் வச்சிருந்த இடத்துல, வந்து இறங்கினவங்கள வச்சிருந்தாங்க, இப்ப அங்க பெரிய ஆஸ்பத்திரி.

பாட்டிமார்கிட்ட கேம்ப் பத்திப் பேசினா முதல்ல சாப்பாட்டைத் திட்டுவாங்க, பிறகு குரல் இறங்கும், ஏன்னா ஆம்பளைங்க பொம்பளைங்கன்னு பிரிச்சு வரிசைல நிக்க வச்சு உடம்பைப் பார்த்தது அவங்களுக்கு வெக்கக்கேடா இருந்திருக்கு. இதைப் பேத்திகிட்ட சொல்லுவாங்க, பேரன்கிட்ட சொல்ல மாட்டாங்க. யாரை அனுப்பிக் கேக்குறதுன்னு யோசிச்சு அனுப்புங்க. அதே மண்டபத்துல 1983க்குப் பிறகு இங்கயிருந்து போன அகதிகள வச்சாங்க, 2022ல சாமான் விலை தாங்காம படகேறிப் போனவங்களையும் அங்கதான் வச்சாங்க. அதனால ஒரே குடும்பத்துல ரெண்டு பேர் ரெண்டு காலத்துல "மண்டபம்"னு சொன்னா ரெண்டும் ஒன்னில்ல.

எவ்வளவு கேட்டாலும் தாத்தா "நாங்க எப்பவுமே இங்கதான்"னு சொல்லி முடிச்சிடுறார். மறந்துட்டாரா?

மறந்திருக்க மாட்டார். "நீ எப்ப வந்தே?"ங்கிற கேள்விய உங்களுக்கு முன்னாடி ஒரு அதிகாரி அவர்கிட்டயோ அவர் அப்பாகிட்டயோ மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேட்டிருக்கார். இதைப் புரிஞ்சுக்காம பேட்டி எடுக்கப் போனா ஒன்னும் கிடைக்காது, அதனால இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

1948ல 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்துச்சு. இங்க பொறந்திருந்தா மட்டும் பத்தாது, அப்பாவும் இங்க பொறந்திருக்கணும், இல்லாட்டி அப்பாவோட அப்பாவும் அவரோட அப்பாவும் இங்க பொறந்திருக்கணும். காட்ட முடியாதவங்களுக்கு 1949ல இன்னொரு சட்டம், இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம்னு. அதுல 1946 ஜனவரி 1க்கு முன்னாடி, கல்யாணம் ஆனவங்கன்னா 7 வருஷம், ஆகாதவங்கன்னா 10 வருஷம், விடாம இங்க இருந்ததுக்கு அத்தாட்சி காட்டணும். இந்த "விடாம"ங்கிறதுலதான் ஆளுங்க மாட்டினாங்க. யோசிச்சுப் பாருங்க, செட்டியார் தெருவுல கடைல நிக்கிறவர் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா ஊருக்குப் போவார், பொண்டாட்டி பிள்ளைப்பேறுக்குப் போவா, 1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு ஜப்பான்காரன் கொழும்புல குண்டு போட்ட பிறகு பயந்து போய் குடும்பத்தையெல்லாம் கப்பலேத்தி அனுப்பினவங்க எத்தனை பேர், அந்தப் போக்குவரத்து எல்லாமே பிறகு சந்தேகமாப் போச்சு. 8 லட்சத்துக்கும் மேல ஆளுங்களுக்காக மனு போனதுல கடைசில கிடைச்சது சுமார் 1,34,000 பேருக்குத்தான்.

அப்புறம் கள்ளத்தோணின்னு தெருவுல கூப்பிடுறது வேற. இப்படி இருக்கும்போது எந்த வீட்டுல பிள்ளைங்ககிட்ட கப்பல் கதையை ரசிச்சு சொல்லுவாங்க? ஊர்ப் பேரைக் கூட வாயில எடுக்காதேன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லி வளர்த்த வீடுங்க இருக்கு. என்னைக் கேட்டா, கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள்ல வந்த கதை இவ்வளவு கட்டையா இருக்குறதுக்கு முக்கால்வாசிக் காரணம் இந்த ரெண்டு சட்டந்தான். அவங்க மறைச்சதைக் குத்தமா எடுத்துக்காதீங்க.

அதனால நேரடியா வருஷம் கேக்காதீங்க. "கப்பல்ல என்ன சாப்பிட்டீங்க", "தலை சுத்துச்சா", "ட்ரங்குப் பெட்டில என்ன இருந்துச்சு", "கொழும்புல முதல் ராத்திரி எங்க படுத்தீங்க". இப்படிக் கேட்டா தானா வரும்.

வந்து இறங்கினவங்க முதல்ல எங்க தங்கினாங்க? எப்படி வேலை கிடைச்சுச்சு?

யாரும் சும்மா வந்து இறங்கல, ஊர்ல இருந்தே ஒரு கை இருக்கும். காயல்பட்டினம், கீழக்கரைக்காரங்க புறக்கோட்டை வியாபாரிங்க கிட்ட வந்தாங்க, நாட்டுக்கோட்டைச் செட்டியார்மார் செட்டியார் தெரு கிட்டங்கிக்கு (சரக்கும் ஆளும் தங்குற கட்டடம்), திருநெல்வேலி ராமநாதபுரம் பையன்மார் பலசரக்குக் கடைக்கும் சைவக் கடைக்கும், தூத்துக்குடி பரதகுல ஆளுங்க கொட்டாஞ்சேனை கொச்சிக்கடைப் பக்கம், துறைமுகத்துலயும் மாநகரசபை சுத்திகரிப்புலயும் வேலை செய்ய வந்தவங்க அந்தந்தத் தோட்டத்துக்கும் (கொழும்புல தோட்டம்னா நெருக்கமா வீடுங்க இருக்குற வளவு) லயத்துக்கும் (வரிசை வீடு). நம்ம ஆளுங்க எழுதும்போது செட்டியார், முதலாளின்னு எழுதி நிறுத்திடுறாங்க, குப்பை அள்ளி இந்த நகரத்தை சுத்தமா வச்சவங்களும் இதே கப்பல்லதான் வந்தாங்க, அவங்க பேரப்பிள்ளைங்க தயவுசெஞ்சு எழுதுங்க.

கடைப் பையனா வந்தவரோட ஆரம்பம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: பன்னெண்டு பதிமூணு வயசு, கடைலயே சாப்பாடு, ராத்திரி கடையை அடைச்ச பிறகு மூட்டைக்கு நடுவுல படுக்கை, சம்பளம் கைக்கு வராது, முதலாளி பேரேட்டுல ஏறும், ஊருக்குப் போகும்போது கணக்கு முடிச்சு மொத்தமாத் தருவார், நல்ல முதலாளியா இருந்தா. செட்டியார் கடைன்னா பெட்டியடிப் பையனா சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு மேலாள், மூணு வருஷக் கணக்கு. தனியாக் கடை போடுறதுங்கிறது எப்ப வந்துச்சுன்னு கேளுங்க, அதுலதான் கதையே இருக்கு. யார் கடன் கொடுத்தா, யார் கடைக்கூலிக்குப் பிணை நின்னா, முதல் சரக்கை நம்பி யார் இறக்கினா. கப்பல் ஒரு ராத்திரிதான், இது பத்து இருவது வருஷம். ஆனா எல்லாரும் கப்பலைப் பத்தி மூணு பக்கம் எழுதிட்டு "பிறகு கடுமையாக உழைத்து முன்னேறினார்"னு ஒரே வரில முடிச்சிடுறாங்க. அந்த ஒரு வரியைப் பிரிச்சு எழுதுங்க, கப்பலை ஒரு பக்கத்துல முடிச்சாப் போதும்.

1939ல அரசாங்க வேலைல இருந்த இந்திய நாட்கூலி ஆளுங்கள நிறுத்தினாங்க, நேரு கூட வந்து பேசிப் பார்த்தார், பிறகு அந்த வருஷம் ஆகஸ்ட்ல இருந்து கூலி வேலைக்கு இங்க ஆள் வர்றதை இந்தியா தடுத்துச்சு. உங்க கொள்ளுத்தாத்தா துறைமுக வேலையை விட்டு திடீர்னு தள்ளுவண்டி போட்டது 1939, 40ன்னா இதையும் சேர்த்துப் பாருங்க.

பாட்டிமார் கதை ஏன் கிடைக்கிறதில்ல?

அவங்க பிந்தி வந்தாங்க. ஆம்பளை வந்து வருஷக்கணக்காத் தனியா இருந்து, ஒரு அறை எடுக்க வசதி வந்த பிறகுதான் குடும்பம் வரும். சில குடும்பத்துல கடைசி வரைக்கும் வரவே இல்ல, ஊர்ல ஒரு வீடு, இங்க ஒரு வாழ்க்கை, சில பேருக்கு இங்கயே இன்னொரு குடும்பம். இதை எழுதலாமா கூடாதான்னு கேக்குறாங்க. உயிரோட இருக்குறவங்களுக்கு வலிக்கும்னா பேரை விட்டுட்டு எழுதுங்க, ஆனா இல்லாத மாதிரி எழுதாதீங்க.

வந்த பாட்டிமார்கிட்ட தண்ணியைப் பத்திக் கேளுங்க. தோட்டத்துல ஒரே பைப்பு, வரிசை, சண்டை, பக்கத்து வீட்டு சிங்கள அக்காகிட்ட சைகையிலயே பேசினது, அவங்க பிள்ளைக்குக் கை மருந்து கொடுத்தது, கொச்சிக்கடை அந்தோனியாருக்கு இந்துப் பொம்பளைங்க செவ்வாய்க்கிழமை போனது, ஆடிவேல் தேர் வரும்போது பிள்ளையைத் தோள்ல தூக்கிட்டு நின்னது. அவங்களுக்குக் கொழும்பு ஊரானது இப்படித்தான்.

பேப்பர் எதாவது கிடைக்குமா? எங்க தேடணும்?

முதல்ல வீட்டுல. சாமி படத்துக்குப் பின்னாடி, அரிசி டின்னுக்கு அடில, பழைய பிஸ்கட் டின்ல. பழைய பாஸ்போர்ட், தற்காலிக வதிவிட அனுமதி, பிரஜாவுரிமை மனுவோட நகல், கடைப் பேரேடு, ஊர்ல இருந்து வந்த தபால் உறை. உறையைத் தூக்கிப் போடாதீங்க, முத்திரைல தேதியும் ஊரும் இருக்கும், உள்ள இருக்குற கடிதத்தை விட சில நேரம் அதுதான் உதவும்.

வெளியில, கொழும்பு 7 ரீட் அவெனியூல (இப்ப பிலிப் குணவர்தன மாவத்தை) தேசிய சுவடிகள் கூடம். அங்க பழைய பெர்குசன் டிரெக்டரி இருக்கு, வியாபாரம், தோட்டம், முகவரி எல்லாம் வருஷா வருஷம் போட்டது, ஆனா அதுல முதலாளி பேர்தான் வரும், கடைப்பையன் பேர் வராது. கத்தோலிக்கக் குடும்பம்னா கோவில் ஞானஸ்நானப் பதிவு அருமையான சாமான், பெற்றோர், ஞானப்பெற்றோர் பேரெல்லாம் இருக்கும், பங்குத்தந்தைகிட்ட மரியாதையாக் கேளுங்க. கப்பல்ல வந்த எல்லார் பேரும் உள்ள ஒரே பட்டியல் எங்கயாவது இருக்கும்னு நினைச்சுத் தேடி நாளை வீணாக்காதீங்க.

பொறப்புச் சான்றிதழ்ல "பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால்"னு ஒரு கட்டம் இருக்கே, அது எதுக்கு?

மேல சொன்ன 1948 சட்டத்தோட வால்தான் அது. பாட்டன், பூட்டன் எங்க பொறந்தாங்கன்னு கேக்குற கட்டம். உங்க வீட்டுச் சான்றிதழ் எல்லாத்தையும் வரிசையா அடுக்கி அந்தக் கட்டத்தை மட்டும் பாருங்க. ஒருத்தர்ல வெறுமையா இருக்கும், அடுத்தவர்ல ஊர் பேர் வரும், இனம்ங்கிற இடத்துல அப்பாவுக்கு இந்தியத் தமிழர், பிள்ளைக்கு இலங்கைத் தமிழர்னு மாறியிருக்கும். யார் எப்ப மாத்தினாங்கன்னு வீட்டுல கேளுங்க, ஒரு மணி நேரத்துக்குப் பேச்சு ஓடும்.

சின்னத்தாத்தா குடும்பம் "ராமானுஜத்துல போயிட்டாங்க"ன்னு சொல்றாங்க. எங்க போனாங்க?

இந்தியாவுக்கு. 1964 அக்டோபர் 30 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். நாடில்லாம இருந்த 9,75,000 பேர்ல 5,25,000 பேரை இந்தியா எடுக்குறது, 3,00,000 பேரை இலங்கை எடுக்குறது, மிச்சம் 1,50,000ஐப் பிறகு பார்க்கலாம்னு. 1974ல அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதின்னு பிரிச்சாங்க. ஆளுங்கள எண்ணிப் பங்கு போட்டுக்கிட்டாங்க, யாரும் இவங்ககிட்ட கேக்கல. மலையகத்துல இருந்துதான் அதிகம், ஆனா கொழும்புல இருந்தும் போனாங்க. கோச்சில தலைமன்னார், அங்க இருந்து ராமானுஜம், பிறகு மண்டபம், அங்க குடும்ப அட்டையைக் காட்டி ஒரு ஊருக்கு அனுப்புவாங்க. நீலகிரில கூடலூர், கோத்தகிரிப் பக்கம் நிறைய பேர், அங்க தமிழ்நாடு அரசாங்கம் இவங்களுக்குன்னே தேயிலைத் தோட்டம் போட்டுச்சு. இங்கயே பொறந்து வளர்ந்தவங்களுக்கு அதுதான் முதல் கப்பல். அங்க போனா அவங்களை சிலோன்காரங்கன்னாங்க.

உங்க சொந்தக்காரங்க அங்க இருந்தா வாட்ஸ்அப்ல கூப்பிட்டுப் பேசுங்க, பாதிக் கதை அவங்ககிட்டதான் இருக்கு. இங்க இருந்தவங்க பயத்துல சொல்லாம விட்டதெல்லாம் அவங்க அங்க தைரியமா சொல்லிட்டு இருந்திருப்பாங்க. இங்க மிஞ்சினவங்களுக்கு 2003ல வந்த சட்டத்தோடதான் ஒருவழியா முடிஞ்சுச்சு.

நாங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள், இப்ப வெள்ளவத்தையில இருக்கிறம். எங்களுக்கும் கப்பல் கதைக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கு. 1958லயும் 1983லயும் கொழும்புல கலவரத்துல அடிபட்டு முகாம்ல இருந்த தமிழங்கள கப்பல்லதான் காங்கேசன்துறைக்கு அனுப்பினாங்க. 83ல லங்கா கல்யாணின்னு சரக்குக் கப்பல், பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரிலயும் இரத்மலானைலயும் தங்கியிருந்தவங்க கட்டின உடுப்போட ஏறினாங்க. உங்க அம்மம்மாட்ட "காங்கேசன்துறையில இறங்கினதும் ஆர் வந்து கூட்டிக்கொண்டு போனது?" எண்டு கேட்டுப் பாருங்க. சொந்த ஊருக்கே அகதியாப் போய், அங்க முதல்ல இருந்து தொடங்கி, பிறகு திரும்பக் கொழும்புக்கு வந்து இன்னொருக்கா தொடங்கினவங்க நீங்க.

தாத்தா சொல்ற வருஷமும் பேப்பர்ல இருக்குற வருஷமும் ஒத்துப் போகல. எதை எழுதுறது?

ரெண்டையும். சட்டத்துக்காகப் பேப்பர்ல வருஷத்தை முன்ன தள்ளினவங்களும் உண்டு, அதனால பேப்பர்ல இருக்குறதெல்லாம் வேதம் இல்ல. "அம்மா இப்படிச் சொல்றாங்க, சான்றிதழ்ல இப்படி இருக்கு"ன்னு பக்கத்துல பக்கத்துல எழுதி வைங்க.

எப்படி ரெக்கோட் பண்றது? பெரிய கேமரா வேணுமா?

வேணாம், போனே போதும், வீடியோவை விட ஆடியோ நல்லது, கேமராவைப் பார்த்தா பெரியவங்க தலை சீவப் போயிடுவாங்க. ஃபேனை நிப்பாட்டுங்க, டீவியை நிப்பாட்டுங்க, ரெண்டு பெரியவங்களை ஒன்னா உக்கார வைங்க, ஒருத்தர் தப்பாச் சொன்னா மத்தவர் சண்டைக்கு வருவார், நல்லது எல்லாம் அங்கதான் வரும். எடுத்த அன்னிக்கே இன்னொரு இடத்துல ஒரு கொப்பி போட்டு வைங்க. பழைய படத்துல யார் யாருன்னு கேட்டு பின்பக்கம் பென்சிலால எழுதுங்க, பேனா மை ஊறிரும்.

அந்தப் பாதைல இப்ப கப்பல்ல போக முடியுமா?

தூத்துக்குடி - கொழும்புக் கப்பலை 2011ல திரும்ப விட்டாங்க, சில மாசத்துலயே நின்னு போச்சு. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை 2023 அக்டோபர்ல தொடங்கி, நின்னு, 2024 ஆகஸ்ட்ல திரும்ப ஓட ஆரம்பிச்சுச்சு, காலநிலை பார்த்துத்தான் விடுவாங்க, போறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. தலைமன்னாருக்கு 2015ல திரும்ப ரயில் விட்டாங்க, இப்ப ஓடுதான்னு கேட்டுக்கோங்க, பழைய துறையும் வெளிச்சவீடும் இன்னும் நிக்குது. பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறதுன்னா மாரிக்காலத்துல வேணாம், காத்து ஆளையே தள்ளும். சீட்டை முன்கூட்டியே புக் பண்ணுங்க, கொழும்புல இருந்து நீளமான பயணம்.